மேட்ரன் அன்று மலையில் இல்லை

ஐந்து பாயிண்ட் போதும் என்றாள் நிவேதா. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பள்ளிக்கூடத்தில் இப்போது ஆள் எடுக்கும் பிரிவைக் கவனிப்பவள் அவள். கொடைக்கானலில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகளில் ஒன்று அது. எது என்று சொல்லப் போவதில்லை. ஊழியர்களுக்காக மாதாமாதம் ஒரு சிறு இதழ் போடுகிறார்களாம். வேலைக்கு மனுப் போடும்போது கூடவே வைக்கும் கடிதத்தை எப்படி எழுத வேண்டும் என்று அரைப் பக்கம் வேண்டுமாம். "ஆன்ட்டி, நீங்க இருபத்தொம்பது வருஷம் லெட்டர் பிரிச்சவங்க. சிம்பிளா அஞ்சு பாயிண்ட் குடுங்க. மத்தத நாங்க போன்ல போட்டு அழகு பண்ணிக்கிறோம்" என்றாள்.

எனக்கு அங்கேயே கோபம் வந்துவிட்டது. இந்த வாரம் வந்தவை என்று ஏழு கடிதங்களை அவள் போனில் காட்டியதும் அது இன்னும் ஏறியது. சமையலுக்கு ஒன்று, கணக்கு டீச்சர் வேலைக்கு ஒன்று, பஸ் டிரைவர் வேலைக்கு ஒன்று. ஏழும் ஒரே கடிதம். ஏழு பேரும் ஆற்றல் மிக்கவர்கள், ஏழு பேரும் குழுவோடு இணைந்து செயல்படுபவர்கள், ஏழு பேருக்கும் சவால்கள் என்றால் உயிர். வில்பட்டியிலிருந்து எழுதியிருந்த அந்த டிரைவர் எத்தனை வருடம் இந்த மலைப் பாதையில் மூடுபனிக்குள் வண்டியை இறக்கி ஏற்றியிருக்கிறார் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொண்டை ஊசி வளைவில் சவாலை விரும்புகிற டிரைவரை நம்பி நான் ஒரு பிள்ளையையும் ஏற்றி அனுப்ப மாட்டேன்.

இதையெல்லாம் போனே எழுதித் தருகிறது, என்ன தப்பு என்று நிவேதா கேட்டாள். என்ன தப்பு என்று எனக்குத் தெரியும். ஒரு மனுஷியைக் கடிதத்திலிருந்து அழித்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவளை அழித்தது எந்தப் போனும் இல்லை. நான்தான். அதனால் ஐந்து பாயிண்ட் தர மாட்டேன். நடந்ததை எழுதித் தருகிறேன், போட்டால் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் பெயர் அருள்மேரி. டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு அந்த ஆபீசில் சேர்ந்தேன். முதல் நாலைந்து வருடம் தபால் பதிவேடு, கார்பன் தாள், மரக்கதவில் ஒட்டிய அறிவிப்புகள், இவ்வளவுதான். பிறகு வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் பிரிக்கும் மேசை என்னுடையது ஆனது. கடைசி வரை அதே மேசைதான், அதே ஜன்னல்தான்.

அந்த நாளில் வந்த கடிதங்களைப் படித்தால் வயிறு எரியும். பஜாரில் ஒரு டைப்பிங் கடை இருந்தது. அந்தக் கடைக்காரர் மாதிரிக் கடிதம் ஒன்று வைத்திருந்தார். 'தங்கள் பாதம் பணிந்து' என்று தொடங்கும். தகப்பனார் ஏழை விவசாயி, தாய் நோயாளி, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தங்கைகள் இரண்டு பேர். தங்கையே இல்லாதவர்களுக்கும் இரண்டு தங்கைகள் இருந்தார்கள். கடைசியில் 'இவ்வேலையைக் கொடுத்து எங்கள் குடும்பத்தில் விளக்கேற்ற வேண்டும்'. தோட்ட வேலையில் கெட்டிக்காரன் ஒருவன், செடிக்கு என்ன செய்யத் தெரியும் என்று ஒரு வரி எழுதாமல், அம்மாவின் ஆஸ்துமாவைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருப்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அப்படி எழுதினால்தான் மனம் இரங்குகிற ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வேலை தெரிந்தவனைக் கையேந்த வைத்துப் பார்ப்பதில் சிலருக்கு ஒரு சுகம்.

தாமோதரன் சார் நிர்வாக அலுவலராக வந்த பிறகு இது மாறியது. ஒல்லியான மனிதர். ஊரே ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கும் ஜனவரியிலும் அவர் அரைக்கைச் சட்டைதான். சத்தம் போட்டதே கிடையாது. டைப் அடித்ததில் பிழை கண்டால் தாளை நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிழையை நாமே கண்டுபிடிக்கிற வரை துடைத்துக்கொண்டே இருப்பார். அதற்குத் திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

அவர் கொண்டுவந்த முறை இது. தபாலைப் பிரித்ததும் தேதி முத்திரை குத்தி, வலது மூலையில் எண் போட வேண்டும். சான்றிதழ்களைத் தனிக் கோப்பில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பிறகு கடிதத்தின் மேலே முகவரி உள்ள இடத்திலும் கீழே கையெழுத்து உள்ள இடத்திலும் வெள்ளைத்தாள் பட்டை வைத்துக் குண்டூசி குத்த வேண்டும். பெயர் தெரியக்கூடாது, ஊர் தெரியக்கூடாது, தகப்பன் பெயர் தெரியக்கூடாது. இந்த மலையில் அது மூன்றும் தெரிந்துவிட்டால் சாதி, மதம், யாருடைய சிபாரிசு என்று எல்லாமே தெரிந்துவிடும் என்பார். அது உண்மைதான். அவர் வந்த பிறகு சிபாரிசு போன்கள் அடங்கிப் போயின.

அப்புறம் பச்சைப் பென்சிலை எடுப்பார். நல்லவன், உழைப்பாளி, நேர்மையானவன் என்று எழுதியிருந்தால் பென்சில் நகராது. செய்த காரியம் ஏதாவது எழுதியிருந்தால் அதன் கீழே கோடு. பக்கத்தில் 'யார்?' என்று எழுதுவார். அதைச் செய்தவர் இந்தக் கடிதம் எழுதியவர்தான் என்பது தெளிவாக இருந்தால் ஒரு டிக். மூன்று டிக் விழுந்தால் நேர்காணலுக்கு வலது தட்டு. இல்லாவிட்டால் இடது தட்டு. சமையல்காரர் ஒருவர், 'முந்தைய விடுதியில் மீந்து கொட்டும் சோற்றை இரண்டு வாளியிலிருந்து அரை வாளியாக்கினேன், அந்த மேனேஜரைக் கேட்டுக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்தார். அந்த வரியை சார் எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். எந்த இடத்துக்கு எழுதுகிறாய், என்ன வேலைக்கு, நீ செய்தது என்ன, யாரைக் கேட்டால் தெரியும், அதோடு நிறுத்து. ஒரு பக்கம் போதும். கடிதம் எழுதும் வித்தை இவ்வளவுதான் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு என்ன கிழித்தேன் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

சின்னப் பெண்கள் விடுதிக்குப் பொறுப்பாக இருந்த மேட்ரன் ஓய்வு பெறப் போகிறார் என்று அறிவிப்புப் பலகையில் காலியிடம் போட்டோம். கடிதம் ஆங்கிலத்தில் டைப் அடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த விடுதியில் ஒன்பது வருடமாக ஒப்பந்த ஆயாவாக இருந்தவள் செல்வராணி. ராணி என்போம். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். ஆங்கிலம் காதால் கேட்டுப் புரிந்துகொள்வாள், வாசிக்கத் தெரியாது. கணவர் திருப்பூருக்குப் போனவர் போனவர்தான். விடுதிக்குப் பின்னால் ஒற்றை அறையில் அவளும் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகளும் இருந்தார்கள்.

மேட்ரன் வேலை நிரந்தர வேலை. வீடு உண்டு. நிரந்தர ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அதே பள்ளியில் கட்டணமில்லாமல் இடம் உண்டு. ஒன்பது வருடம் மற்றவர்கள் பெண்களுக்குத் தலைவாரி, சாக்ஸ் மாட்டி அந்தப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். தன் மகள் அந்த வாசல் வழியாக ஒரு நாள் உள்ளே போக வேண்டும் என்று நினைத்தாள். அதற்காகத்தான் விண்ணப்பம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டுக்கு வந்தாள். கையில் கோடு போட்ட நோட்டுத்தாள், தமிழில் முழுக்க எழுதியிருந்தாள். அதை ஆங்கிலத்தில் டைப் அடித்துத் தரச் சொன்னாள். ஆபீசில் இருப்பவர்கள் யாரும் விண்ணப்பிக்கிறவர்களுக்குக் கடிதம் எழுதித் தரக்கூடாது என்பது சாரின் சட்டம். மீறினால் அந்த மேசை போய்விடும். ஆனாலும் ராணியிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் எழுதியிருந்தது புயலைப் பற்றி. தாமோதரன் சார் வருவதற்கு முந்தைய வருடம் அடித்த புயல் அது. மலைப் பாதை முழுக்க மரம் சாய்ந்து, இரண்டு நாள் மேலே ஏறவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை. கரண்டு இல்லை, போன் இல்லை. விடுதியில் முப்பத்தெட்டுப் பெண்கள். தொட்டித் தண்ணீர் கெட்டுப்போய் ஒவ்வொருத்தியாக வாந்தி எடுக்கத் தொடங்கினார்கள். ராணி தொட்டியைப் பூட்டினாள். சாய்ந்த மரத்தின் கிளைகளை வெட்டி அடுப்பு மூட்டி, மழைத்தண்ணீரைப் பிடித்துக் காய்ச்சினாள். காய்ச்சல் உள்ளவர்களை ஒரு அறையில், இல்லாதவர்களை ஒரு அறையில் பிரித்துப் போட்டாள். தினசரிக் காலண்டரைக் கழற்றி, தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஒவ்வொரு பெண்ணின் பெயர், காய்ச்சல் எத்தனை டிகிரி, எந்த மணிக்கு, எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாள் என்று எழுதி வைத்தாள். மூன்றாம் நாள் மரங்களைத் தாண்டி நடந்தே வந்த டாக்டர் அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்துத்தான் மருந்து கொடுத்தார். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த இரண்டு நாளும் மேட்ரன் அம்மா மலைக்குக் கீழே கன்னிவாடியில் அண்ணன் வீட்டுக் காதுகுத்தில் இருந்தார். லீவு எழுதிக் கொடுக்காமல் போயிருந்தார். சமையல்கட்டு வரைக்கும் தெரிந்த விஷயம், மேலே யாருக்கும் தெரியாது. ராணியும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. இந்தக் கடிதத்தில்தான் முதல் தடவையாக எழுதியிருந்தாள்: 'மேட்ரன் அம்மா அன்று மலையில் இல்லை. நான் இருந்தேன்.' கூடவே வைக்க அந்தக் காலண்டர் தாள்களில் இரண்டைக் கொண்டுவந்திருந்தாள்.

நான் அந்த வரியை மாற்றினேன். மரியாதைக்குரிய மேட்ரன் அவர்களின் வழிகாட்டுதலில் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டோம் என்று பொருள் வரும்படி ஆங்கிலத்தில் அடித்தேன். ஏன் என்று கேட்டால், அப்போது எனக்கு அது தப்பாகவே படவில்லை என்பதுதான் பதில். மேட்ரன் இல்லை, ஆயாதான் பார்த்தாள் என்று எழுதுவது எங்கள் ஆபீஸ் வழக்கத்தில் பெரியவர்கள் மேல் புகார் கொடுப்பதற்குச் சமம். இரண்டு மாதத்தில் மாலை போட்டு அனுப்பப் போகிற அம்மாவைப் போகிற நேரத்தில் காட்டிக் கொடுப்பதா என்று நினைத்தேன். மேலே இருப்பவர் பெயரை முன்னால் வைத்து நம்மைப் பின்னால் வைத்துக்கொள்வதுதான் பண்பு என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். பண்பாம். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. காலண்டர் தாள்களையும் திருப்பிக் கொடுத்தேன். பழசாகி அழுக்காக இருக்கிறது, ஆபீசுக்கு இதெல்லாம் வைக்க மாட்டார்கள் என்றேன்.

அவள் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். "நான் எழுதுனது அப்படியே இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு ராணி. இங்கிலீஷ்ல கொஞ்சம் மரியாதையா வச்சிருக்கேன்."

கையெழுத்துப் போட்டாள். நகல் ஒன்று கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு போனாள்.

பதினான்கு கடிதங்கள் வந்தன. அவளுடையது பதினோராம் எண். பட்டை வைத்துக் குண்டூசி குத்தியது நான்தான். சார் வழக்கம்போல் காலை பத்தரைக்கு உட்கார்ந்தார். வெளியே தூறல். பதினோராம் எண்ணை எடுத்ததும் பென்சில் வேகமாக ஓடியது. தண்ணீர் காய்ச்சியது, கோடு. பிள்ளைகளைப் பிரித்துப் படுக்க வைத்தது, கோடு. காய்ச்சலைக் குறித்து வைத்தது, இரண்டு கோடு. எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. பிறகு ஓரத்தில் 'யார்?' என்று எழுதினார். தேடினார். மேட்ரன் என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார்.

"நம்ம மேட்ரன் நல்ல மேட்ரனா இருந்திருக்காங்க, மேரி. லெட்டர்ல அவங்க தெரியறாங்க. வேலை கேக்கற ஆள் எங்க?" என்றார்.

ஒரு வாக்கியம் போதும். சார், அது நான் மாற்றி அடித்தது என்று சொல்லியிருந்தால் கடிதம் வலது தட்டுக்குப் போயிருக்கும், நான் அந்த மேசையை விட்டுப் போயிருப்பேன். பயம். அதற்கு வேறு பெயர் வைத்துப் பல வருடம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன், இப்போது முடியவில்லை. அன்று அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவில்லை. துடைத்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். பதினோராம் எண்ணை இடது தட்டில் வைத்தார்.

சாயங்காலம் நேர்காணல் பட்டியலில் கையெழுத்தான பிறகு பட்டைகளை எடுப்பது முறை. இடது தட்டுக் கடிதத்தில் ராணியின் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. தினமும் அவருக்கு வணக்கம் சொல்கிற பெண். "நம்ம ராணியா?" என்று கேட்டார். கூப்பிட்டு விசாரிக்கலாமா சார் என்று நான் கேட்டேன், அவ்வளவு தைரியம்தான் எனக்கு வந்தது. "பேரைப் பார்த்து மாத்தறதுன்னா பட்டை எதுக்கு?" என்றார். நியாயமான பதில். அந்த நியாயத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. ஒன்பது வருடம் கண்ணெதிரே வேலை செய்த ஒருத்தியைப் பார்க்க விடாமல் செய்கிற நியாயம் அது. அதற்குக் குண்டூசி குத்தியவளும் நான்தான்.

மேட்ரன் அம்மாவின் வழியனுப்பு விழாவில் தாமோதரன் சார் பேசினார். புயல் நாளில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றியதைப் பற்றிப் பேசினார். காலண்டர் தாளில் குறித்து வைத்ததைக்கூடச் சொன்னார். எல்லாம் நான் அடித்த கடிதத்திலிருந்து எடுத்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. மேட்ரன் அம்மா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே சால்வையை வாங்கிக்கொண்டார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராணி பின்வரிசைக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் தட்டோடு நின்றாள். அப்புறம் அடுத்த ஆளுக்கு நீட்டினாள்.

வருந்துகிறோம் என்ற கடிதத்தையும் நானே டைப் அடித்து, நானே கையில் கொடுத்தேன். "பரவால்லக்கா. நீங்க நல்லாத்தான் எழுதிக் குடுத்தீங்க" என்றாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

புதிய மேட்ரன் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். குளிர் ஒத்துக்கொள்ளாமல் இரண்டே பருவத்தில் இறங்கிப் போய்விட்டார். அதற்குள் ஆயாக்களை மாற்றியிருந்தார். ராணி அந்த ஒற்றை அறையைக் காலி செய்துகொண்டு வில்பட்டிப் பக்கம் போனாள். கேரட் கழுவினாள், காட்டேஜ்களில் படுக்கை விரித்தாள். மகள் அரசுப் பள்ளியில் படித்தாள். ஊரில் எதிர்ப்படும்போது ராணி சிரிப்பாள். நான் வேறு சோலி இருப்பதுபோல் வெரசாக நடந்துவிடுவேன். பன்னிரண்டு வருடம் அப்படி நடந்திருக்கிறேன்.

நிவேதா ஐந்து பாயிண்ட் கேட்டாளே, அதற்கு மூன்றாம் நாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டியது ராணி. முடி பாதி நரைத்திருந்தது. பழனி போகும் வழியில் ஒரு முதியோர் இல்லத்தில் வார்டன் வேலை காலியாம். தங்க இடம் உண்டாம். டைப் அடித்த கடிதம் வேண்டுமாம். மகள் இப்போது பழனியில் மருந்துக்கடை ஒன்றில் பில் போடுகிறாள், அவள் போனிலேயே ஒன்று தயார் செய்து கொடுத்திருக்கிறாள்.

"போன் எழுதிக் குடுத்துச்சுக்கா. அதுலயும் நான் இல்ல" என்றாள்.

அதுலயும் என்றாள். உட்காரச் சொன்னேன். பன்னிரண்டு வருடமாகத் தொண்டைக்குள் கிடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"தெரியும்க்கா. பத்தாவது படிக்கையில பாப்பா அந்த நகல எடுத்து வாசிச்சுச் சொன்னா. அன்னைக்கே தெரியும்."

அன்றிலிருந்து இத்தனை வருடம் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். தெரிந்தும் ஏன் என்னிடம் வந்தாய் என்று கேட்டேன். அழுகை வந்தது, மன்னிப்பு என்றேன், இன்னும் என்னென்னமோ உளறினேன்.

ராணி அழவில்லை. மடியிலிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்தாள். நான் அழுக்கு என்று திருப்பிக் கொடுத்த காலண்டர் தாள் இரண்டும் உள்ளே இருந்தன. ஓரங்கள் பழுப்பேறி இருந்தாலும் பெயரும் டிகிரியும் நேரமும் தெளிவாகத் தெரிந்தன. அவற்றை மேசைமேல் நீவி வைத்தாள்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்க்கா. எடுத்தது நீங்கதான, அந்த வரிய நீங்களே திருப்பிக் குடுங்க. தமிழ்லயே அடிங்க, இந்தத் தடவ நான் வாசிச்சுப் பாக்கணும்."

கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவள் நாற்காலியை இழுத்து என் தோளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சொல்லச் சொல்ல அடித்தேன். மேட்ரன் அன்று மலையில் இல்லை. அங்கே ஒரு கணம் விரல் நின்றது. ராணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ம், அடுத்தது" என்றாள்.

நான் இருந்தேன், என்று அடித்தேன்.